ஏஞ்சலும் நியான் டெட்ராவும் ஒரே தொட்டியில் இருக்கலாமா? சின்ன மீன் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன் சேரும்? - முழு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை கொளத்தூர் பக்கம் போனால், வண்ண மீன் கடைகளில் கூட்டம் அலைமோதும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தை, கண்ணாடியில் விரலை வைத்து "இது வேணும், அது வேணும்" என்று காட்டும். கடைசியில் பாலித்தீன் கவரில் ரெண்டு கோல்டு ஃபிஷ், நாலு கப்பி, ரெண்டு ஏஞ்சல், நாலு நியான் டெட்ரா, "தொட்டியைச் சுத்தம் பண்ணிக்கும்" என்று சொல்லி ஒரு சக்கர் மீன் என எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தொட்டியில் பெரும்பாலும் சக்கர் மட்டும்தான் மிச்சம் இருக்கும். "நமக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

இதில் ராசிக்கு எந்தப் பங்கும் இல்லை. அந்தக் கவரில் இருந்த மீன்கள் ஒரே தொட்டியில் வாழக்கூடியவையே அல்ல. பல வகை மீன்களை ஒன்றாக வளர்க்கும் தொட்டியைக் 'கம்யூனிட்டி டேங்க்' என்பார்கள். வீட்டில் வைக்கும் சின்னத் தொட்டியில் அதை எப்படிச் சரியாக அமைப்பது? எந்த மீனோடு எந்த மீன் சேரும்? விரிவாகப் பார்க்கலாம்.

'சேரும் மீன்' என்றால் என்ன?

சண்டை போடாமல் இருந்தால் போதும், சேர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சண்டை என்பது ஒரு காரணம் மட்டுமே. இரண்டு மீன்கள் ஒரே தொட்டியில் நீண்ட நாள் வாழ வேண்டும் என்றால் ஐந்து விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்.

1. தண்ணீரின் தன்மை
2. தண்ணீரின் வெப்பநிலை
3. வளர்ந்த பிறகு வரும் அளவு
4. குணம்
5. கூட்டமாக வாழுமா, தனியாக வாழுமா என்பது

இதில் ஒன்று இடித்தாலும் மீன் உடனே செத்துவிடாது. மெல்ல மெல்லச் சோர்ந்து, நோய் வந்து, சில வாரங்களில் இறக்கும். அதனால்தான் காரணம் நமக்குப் புரிவதில்லை.

முதல் கேள்வி: உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி?

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுக் குழாயைப் பாருங்கள். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? சோப்பு நுரை வர மறுக்கிறதா? அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு வருவது கடின நீர். போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் பல வீடுகளில் இதுதான் நிலை.

கடின நீரில் கப்பி, பிளாட்டி, மோலி, ஸ்வார்டுடெயில் போன்ற குட்டி போடும் மீன்கள் நன்றாக வாழும். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதியைச் சேர்ந்த இவற்றுக்குத் தண்ணீரில் தாது உப்பு இருப்பது நல்லது.

நியான் டெட்ரா அதற்கு நேரெதிர். அது அமேசான் காட்டு ஓடைகளின் மீன். இலை தழை ஊறி, தேநீர் நிறத்தில் ஓடும் மென்மையான, லேசான அமிலத்தன்மை உள்ள தண்ணீர்தான் அதன் வீடு. உப்புப் படியும் போர்வெல் தண்ணீரில் விட்டால் சில நாள் பளபளக்கும், பிறகு ஒவ்வொன்றாகக் குறையும்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடும், சென்னையில் போர்வெல்லை மட்டும் நம்பியிருக்கும் வீடும் ஒரே மீன் பட்டியலை வைத்துக்கொள்ள முடியாது. "பக்கத்து வீட்டில் நல்லா இருக்கே" என்பதும் உதவாது. பக்கத்து வீட்டுக்காரர் லாரித் தண்ணீர் பயன்படுத்தலாம்.

ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து கடினத்தன்மையைக் குறைக்க முடியும். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே அளவில் கலக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றுவதும் தவறு. அதில் மீனுக்குத் தேவையான உப்புகள்கூட இருக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் தண்ணீரை மாற்றப் போராடுவதைவிட, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே சுலபம்.

குழாயில் வருவது மாநகராட்சி அல்லது குடிநீர் வாரியத் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். 'ஆன்டி குளோரின்' சொட்டு மருந்து சேர்த்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். அல்லது அகலமான வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம்.

நம்ம ஊர் வெயில் தாங்குமா?

மே மாதம் சென்னையில் ஏசி இல்லாத அறையில் இருக்கும் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். நியான் டெட்ராவுக்கு ஏற்றது சுமார் 21 முதல் 26 டிகிரி வரை. கோல்டு ஃபிஷ் இன்னும் குளிர்ச்சியை விரும்பும். 20 டிகிரியை ஒட்டிய தண்ணீர்தான் அதற்குச் சுகம்.

கப்பி, பிளாட்டி, ஃபைட்டர் ஆகியவை வெதுவெதுப்பான தண்ணீரைச் சமாளிக்கும். ஜீப்ரா மீனும் அப்படித்தான். உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கப்படும் இந்த மீனை அங்கே வழக்கமாக 28.5 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். அது இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளையும் வயல்வெளிகளையும் சேர்ந்த மீன் என்பதால் நம்ம ஊர் சூடு அதற்குப் புதிதல்ல.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். வெயில் காலத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீரில் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஏர் பம்ப் ஓட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் பிரச்சினை தலைகீழ். அங்கே வெப்பமண்டல மீன்களுக்கு ஹீட்டர் கட்டாயம்.

கடையில் பார்க்கும் அளவு, மீனின் அளவு அல்ல

கடைத் தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். இதை மறப்பதால்தான் அதிகம் ஏமாற்றம் வருகிறது.

* ஏஞ்சல்: வாங்கும்போது நாணயம் அளவு. வளர்ந்தால் உடல் மட்டும் 15 செ.மீ. வரை போகும். மேலும் கீழும் நீளும் துடுப்புகளோடு உயரம் அதைவிட அதிகம். 1 அடி உயரத் தொட்டி அதற்குப் போதாது.

* கோல்டு ஃபிஷ்: குண்டு உடம்பு கொண்ட வகைகளே 15 முதல் 20 செ.மீ. வரை வளரும். கழிவும் மிக அதிகம்.

* சக்கர்: விரல் நீளத்தில் விற்கப்படும் இந்தத் தென் அமெரிக்க மீன் ஒரு அடியைத் தாண்டி வளரக்கூடியது. வளர வளரப் பாசி தின்பதைக் குறைத்துக்கொள்ளும். அது போடும் கழிவே தொட்டியை அழுக்காக்கும். ராத்திரியில் ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் போன்றவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்படலத்தை உறிஞ்சும் பழக்கமும் உண்டு.

* 'ஷார்க்' என்ற பெயரில் வெள்ளியாக மின்னும் குட்டி மீன்: இது சுறாவே அல்ல. தென்கிழக்கு ஆசியாவின் பெரிய ஆறுகளில் வாழும் கெளுத்தி இனம். ஹோட்டல்களில் 'பாசா' என்று தட்டில் வருவதும் இதுதான். 1 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது.

மீன்களுக்குள் ஒரு பொது விதி உண்டு. ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் போகும் என்றால், ஒரு நாள் போய்விடும். தலைப்பில் கேட்ட கேள்விக்கும் பதில் இதுதான். சின்ன ஏஞ்சலும் நியானும் சில மாதம் சேர்ந்து நீந்தும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியான் அதற்கு இரை. இதில் ஏஞ்சலைக் குறை சொல்ல முடியாது. காட்டிலும் அது சின்ன மீன்களைத் தின்று வாழும் மீன்தான்.

குணம்: யார் யாரைக் கடிக்கும்?

ஃபைட்டர்: ஒரு தொட்டியில் ஒரு ஆண் மட்டும். இரண்டு ஆண் ஃபைட்டர்களைச் சேர்த்து விட்டால் ஒன்று செத்தோ, குற்றுயிராகவோதான் சண்டை முடியும். கப்பியோடு விடுவதும் ஆபத்து. கப்பியின் வண்ண வாலைப் பார்த்து, இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துத் தாக்கும்.

டைகர் பார்ப்: வாலைக் கடித்துக் கந்தலாக்குவதில் பெயர் பெற்றது. ஏஞ்சல், கௌராமி, கப்பி, ஃபைட்டர் என நீண்ட துடுப்புள்ள எதனுடனும் விடக் கூடாது.

குட்டி பஃபர்: மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பகுதி ஆறுகளைச் சேர்ந்த, பட்டாணி அளவுள்ள அழகான மீன். பார்க்க அப்பாவி, ஆனால் மற்ற மீன்களின் துடுப்பைக் கொறிக்கும். தனித் தொட்டியில் வளர்ப்பதே நல்லது.

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன்: சின்னத் தொட்டியில் இவற்றுக்கு இடமே இல்லை. கூட்டுத் தொட்டியில் சுத்தமாகவே இல்லை.

கப்பி, பிளாட்டி போன்ற சாதுவான மீன்களிலும் ஒரு தொல்லை உண்டு. ஆண் மீன்கள் பெண்ணை ஓயாமல் துரத்தும். ஓர் ஆணுக்கு 2 அல்லது 3 பெண் என்ற கணக்கில் வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்தால் சுமார் மாதத்துக்கு ஒரு முறை குட்டிகள் வரும். சில மாதங்களில் தொட்டி நிரம்பிவிடும். குட்டி வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குவதே தீர்வு. அடிவயிற்றுத் துடுப்பு விசிறி போல் விரிந்திருந்தால் பெண். குச்சி போல் ஒடுங்கியிருந்தால் ஆண்.

'ஜோடியா குடுங்க' என்று கேட்பது ஏன் தவறு?

"எல்லாத்துலயும் ஒரு ஜோடி போடுங்கண்ணே" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல். நியான், ஜீப்ரா, செர்ரி பார்ப், கோரிடோரஸ் ஆகியவை கூட்டமாக வாழும் மீன்கள். இவற்றை இரண்டிரண்டாக விட்டால் பயத்தில் மூலையில் ஒளிந்துகொள்ளும், நிறம் வெளுக்கும், சாப்பிடாது. ஜீப்ரா போன்ற சுறுசுறுப்பான மீன்கள் கூட்டம் குறைந்தால் மற்ற மீன்களைச் சீண்டவும் தொடங்கும்.

குறைந்தது 6 மீன், முடிந்தால் 8. ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதற்குப் பதில், இரண்டு வகையில் கூட்டமாக வாங்கினால் மீனுக்கும் நல்லது, பார்க்கவும் அழகு.

அதோடு தொட்டியில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு தளம் இருக்கிறது. ஜீப்ராவும் கப்பியும் மேல் பகுதியில் சுற்றும். டெட்ரா, பார்ப் வகைகள் நடுவில் நீந்தும். கோரிடோரஸ் அடியில் மணலைக் கிளறும். தளம் வேறாக இருந்தால் உரசலும் குறையும்.

2 அடி தொட்டியில் எத்தனை மீன்?

நம்ம ஊரில் அதிகம் விற்கும் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்டது. கணக்குப்படி சுமார் 56 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 லிட்டர்தான்.

'ஓர் அங்குல மீனுக்கு 4 லிட்டர் தண்ணீர்' என்று ஒரு பழைய கணக்கு உண்டு. சின்ன மீன்களுக்கு இது ஓரளவு ஒத்துவரும். பெரிய மீனுக்கு வராது. ஓர் அங்குல நியான் பத்தும், பத்து அங்குல ஆஸ்கர் ஒன்றும் சமம் கிடையாது. நீளம் கூடும்போது உடம்பின் பருமனும் கழிவும் பல மடங்கு கூடும்.

எனவே 5 செ.மீ.க்குள் வளர்ச்சி நிற்கும் மீன்களில் 8 முதல் 12 வரை என்பது இந்தத் தொட்டிக்குப் பாதுகாப்பான எண்ணிக்கை. நல்ல ஃபில்டர் இருந்தால் மிகச் சின்ன மீன்களில் ஒன்றிரண்டு கூடலாம்.

2 அடி தொட்டிக்கு 4 'கூட்டணிகள்'

கூட்டணி 1: கடின நீர், வெயில் ஊர். ஆண் கப்பி 6, ஆண் பிளாட்டி 3, நெரைட் நத்தை 2. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. நெரைட் நத்தை பாசியைத் தின்னும். அதன் முட்டைகள் நன்னீரில் பொரியாது என்பதால் பெருகித் தொல்லை தராது.

கூட்டணி 2: நடுத்தரமான தண்ணீர், குழந்தைகள் உள்ள வீடு. ஜீப்ரா 8, பிளாட்டி 3. எப்போதும் ஓட்டமும் துள்ளலுமாக இருக்கும். ஜீப்ரா துள்ளிக் குதிக்கும் என்பதால் தொட்டிக்கு மூடி அவசியம். நீள வால் கப்பியை இதில் சேர்க்க வேண்டாம்.

கூட்டணி 3: மென்மையான தண்ணீர், குளிர்ச்சியான அறை. நியான் டெட்ரா 8, கோரிடோரஸில் சின்ன வகை 6. அடியில் கூர்மையான கல் போடாமல் மென்மையான மணல் போட வேண்டும். கோரிடோரஸின் மீசை தேய்ந்துவிடும். மேலே மிதக்கும் தீவனம் மட்டும் போட்டால் அவை பட்டினி. மூழ்கும் வில்லைத் தீவனம் தனியாகப் போட வேண்டும். தொட்டியில் கல் உப்பு போடச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். மோலிக்கு அது ஒத்துவரும். கோரிடோரஸுக்கும் நியானுக்கும் ஒத்துவராது.

கூட்டணி 4: செடிகள் நிறைந்த தொட்டி. செர்ரி பார்ப் 8, ஹனி கௌராமி 1. செர்ரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன். காட்டு நிழலில் ஓடும் ஓடைகளில் வாழ்வது. பார்ப் குடும்பமாக இருந்தாலும் டைகர் பார்பின் முரட்டுத்தனம் இதற்குக் கிடையாது. ஹனி கௌராமி வடகிழக்கு இந்தியா, வங்கதேசப் பகுதியின் மீன். இரண்டுமே கூச்ச சுபாவம் கொண்டவை. ஒளிந்துகொள்ளச் செடி இருந்தால்தான் தைரியமாக வெளியே வரும்.

ஃபைட்டர்தான் வேண்டும் என்றால் அதை மையமாக வைத்தே திட்டமிடுங்கள். ஓர் ஆண் ஃபைட்டர், அடியில் 6 கோரிடோரஸ் அல்லது இரண்டு நத்தைகள். சில ஃபைட்டர்கள் யாரையும் சகிக்காது. அப்படியானால் தனியாக விட்டுவிடுவதே நல்லது.

எல்லா மீனையும் ஒரே நாளில் விடலாமா?

கூடாது. சரியான மீன்களைத் தேர்ந்தெடுத்தும் தோற்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அமோனியா உருவாகும். அது விஷம். ஃபில்டரில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அந்த அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இருக்காது. அவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் மீன் சாகும். கண்ணுக்குத் தெரியாத அமோனியாதான் காரணம். காரத்தன்மை கூடிய தண்ணீரில் அமோனியாவின் விஷம் இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியது இதுதான். மீன் இல்லாமல் ஃபில்டரை ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வாருங்கள். அது அழுகி உண்டாகும் அமோனியாவை உண்டு பாக்டீரியா வளரும். ஏற்கனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்த பிறகு, முதலில் ஒரு வகை மீன். இரண்டு வாரம் கழித்து அடுத்த வகை.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசினால் வளர்த்த பாக்டீரியா எல்லாம் போய்விடும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். தீவனம் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மீன் தொட்டிக்கு அப்படியே பொருந்தும்.

கடையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. "அண்ணே, இது வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?"
2. "உங்க தொட்டியில என்ன தண்ணி? போர்வெல்லா, ஆர்.ஓ. கலந்ததா?"
3. "இந்த மீன் வந்து எத்தனை நாள் ஆச்சு?" நேற்று வந்து இறங்கிய மீனைவிட, ஒரு வாரம் தாங்கிய மீனே பாதுகாப்பு.
4. "இப்போ என்ன தீவனம் போடுறீங்க, போட்டுக் காட்ட முடியுமா?" சாப்பிடாத மீனை வாங்காதீர்கள்.
5. "வீட்ல இந்த மீன் இருக்கு, அதோட சேருமா?"

அதே தொட்டியில் செத்த மீன் மிதந்தாலும், உடம்பில் உப்பு தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலும், அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீனும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கவரைப் பிரிக்காமல் 15 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவரில் சேர்த்துப் பழக்கி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

தவறான மீனை ஏற்கனவே வாங்கிவிட்டால்?

பெரிதாக வளரும் மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். காசு கிடைக்காவிட்டாலும் பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

ஏரியிலோ, ஆற்றிலோ, கோயில் குளத்திலோ விடுவது மட்டும் கூடவே கூடாது. பாவம் பார்த்து விடப்படும் மீன் அங்கே பெரிய பாவத்தைச் செய்யும். சக்கர் மீன் இன்று தமிழகம் உட்பட இந்தியாவின் பல நீர்நிலைகளில் பரவிக் கிடக்கிறது. நம்ம ஊர் மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. அதன் முள்ளும் செதிலும் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன.

அந்தக் கவரில் என்னதான் தவறு?

இப்போது ஆரம்பத்தில் பார்த்த அந்தக் கவரைத் திரும்பப் பாருங்கள். கோல்டு ஃபிஷுக்குக் குளிர்ச்சியும் பெரிய இடமும் வேண்டும். கப்பிக்குக் கடின நீர், நியானுக்கு மென்நீர். அந்த நியானும் எட்டு இல்லாமல் நாலுதான். ஏஞ்சல் வளர்ந்தால் நியானைத் தின்னும். சக்கர் வளர்ந்தால் தொட்டிக்குள்ளேயே அடங்காது. அத்தனையும் ஒரே நாளில், பாக்டீரியா வளராத புதுத் தண்ணீரில் விடப்பட்டன.

அதே காசுக்கு ஆறு ஆண் கப்பியும் மூன்று பிளாட்டியும் வாங்கி, ஒரு மாதம் பொறுமையாக இடைவெளி விட்டுச் சேர்த்திருந்தால், அந்தத் தொட்டி இன்றைக்கும் ஹாலில்தான் இருந்திருக்கும். அடுத்த முறை குழந்தை கண்ணாடியில் விரலை வைத்து "இது வேணும்" என்றால், "நம்ம வீட்டுத் தண்ணி இதுக்குச் சரிப்படுமா, கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்லிக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.